எண் வராத மாணவர்கள்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டம் இயற்றி நிறுவப்பட்டபோது அதற்கென்று ஒரு வகுப்பறைகூடக் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அந்த நிறுவனத்தின் வேலை தேர்வு நடத்துவதும் பட்டம் கொடுப்பதும் மட்டும்தான். பாடம் சொல்லிக்கொடுப்பது கல்லூரிகளின் பொறுப்பு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் அவருடைய ஆசிரியர் கறோல் விசுவநாதபிள்ளையும் அதன் முதல் பட்டதாரிகள். அவர்களுக்குப் பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களைப் பல்கலைக்கழகம் அறிந்திருந்தது ஒரு பதிவெண்ணாகவும் ஒரு மதிப்பெண்ணாகவும்தான். ஒரு மாணவன் ஏன் தவறினான், உடம்புக்கு முடியவில்லையா, மனம் ஓடவில்லையா என்று கேட்க, அவனைத் தவறவிட்ட இடத்தில் ஆள் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிப் படிப்பில் தோல்வியும் மனச்சோர்வும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமல் கிடந்ததற்கு இந்த அமைப்பு முதல் காரணம்.

படிப்பு ஒரு செங்குத்தான ஏணியாக இருந்தது. மெட்ரிகுலேஷன், அதன்பின் எஃப்.ஏ. என்ற இடைநிலைத் தேர்வு, அதன்பின் பி.ஏ. எஃப்.ஏ.யில் எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் மொத்தமும் போயிற்று. அடுத்த முறை எல்லாப் பாடங்களையும் திரும்ப எழுத வேண்டும். விதிகள் பின்னாளில் தளர்ந்து பகுதி பகுதியாகத் தேற வழி பிறந்தது. ஆனாலும் ஏணியின் ஏதோ ஒரு படியில் நின்றுவிட்டவர்கள்தான் அதிகம். அவர்களுக்கென்றே ஒரு தகுதிப் பெயரும் உண்டானது: ‘பி.ஏ. ஃபெயில்’. இன்றைக்குக் கேலியாகப் படும் இந்தச் சொல்லை அன்றைக்கு வேலை விண்ணப்பத்தில் கூசாமல் எழுதினார்கள். பி.ஏ. வரை போய்த் தேர்வு எழுதினார் என்பதற்கே குமாஸ்தா வேலையிலும் கல்யாணச் சந்தையிலும் ஒரு விலை இருந்தது. வேலைக்குப் போய்விட்டவருக்குத் தோல்வி ஒரு தகுதியாக மாறியது. வேலையும் கிடைக்காமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு அது அப்படி மாறவில்லை.

இந்த ஏணியில் தவறியவர்களில் பதிவுகள் நன்றாகக் கிடைப்பது கணிதமேதை சீனிவாச ராமானுஜனைப் பற்றித்தான். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கார் என்பவர் தொகுத்த கணிதச் சூத்திர நூல் அதற்கு முந்தைய ஆண்டே அவர் கைக்கு வந்திருந்தது; மற்றப் பாடங்களில் நாட்டம் போயிற்று. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தவறியதால் உதவித்தொகை நின்றது. 1905-ல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டார். காணாமல்போன பையனைப் பற்றிய செய்தி அந்தச் செப்டம்பரில் சென்னை நாளிதழில் வந்தது. திரும்பிவந்து 1906-ல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவரைக் கவிழ்த்தது உடற்செயலியல். கணக்கில் யாரும் தொட முடியாத மதிப்பெண், உடற்செயலியலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நடுவில் வயிற்றுக்கடுப்பு வந்து ஊருக்குப் போக நேர்ந்தது. எஃப்.ஏ. தேர்வில் 1906-ல் ஒரு முறையும், தனித்தேர்வராக 1907-ல் இன்னொரு முறையும் தவறினார். அதோடு கல்லூரி வாழ்க்கை முடிந்தது.

அடுத்த சில ஆண்டுகள் கும்பகோணத்துத் திண்ணையும் நோட்டுப் புத்தகமுமாகக் கழிந்தன. அவரை அதிலிருந்து எடுத்துவிட்டது மருத்துவமோ பல்கலைக்கழகமோ அல்ல, கணக்குத் தெரிந்த அதிகாரிகளின் சங்கிலி. திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் நோட்டுகளைப் பார்த்துவிட்டு அவரைச் சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் போன பிறகு, எஃப்.ஏ.கூடத் தேறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகமே விதியை ஒதுக்கிவைத்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. இரண்டு முறை தவறவிட்ட அதே பல்கலைக்கழகம்தான்.

இந்தக் கதையைப் பள்ளி விழாக்களில் சொல்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது வழக்கம். தோற்றவன் ஜெயித்தான் என்று. ராமானுஜனின் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் 1916-ல் ஆராய்ச்சிக்காக பி.ஏ. பட்டம் கிடைத்தது. 1917 முதல் மருத்துவமனைக்கும் விடுதிக்குமாக அலைந்தார். போர்க்காலத் தனிமை, மரக்கறிச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், தீராத நோய் எல்லாம் சேர்ந்து 1918-ன் தொடக்கத்தில் லண்டனில் தற்கொலைக்கு முயன்றார். இங்கிலாந்தில் அப்போது அது குற்றம். போலீஸ் பிடியிலிருந்து அவரை மீட்க ஹார்டி ஸ்காட்லாந்து யார்டு வரை போக வேண்டியிருந்தது. அதே ஆண்டில்தான் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். மதிப்பெண் சரிவுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள உறவு நேர்க்கோடு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தேர்வில் தவறியபோது தாங்கிய மனம், மேதை என்று உலகம் ஒப்புக்கொண்ட காலத்தில் உடைந்தது.

ஹார்டிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவரிலிருந்து கடைசி ஆள் வரை வரிசையாகப் பெயர் வாசிப்பார்கள். 1898-ல் அந்த வரிசையில் நான்காவதாக வந்தவர் ஹார்டி. அந்தத் தரவரிசை கணிதத்தையும் கெடுக்கிறது, மாணவர்களையும் கெடுக்கிறது என்று எதிர்த்தவர்களில் அவர் முன்னால் நின்றார். 1909-ஓடு வரிசை முறை ஒழிந்தது. தமிழ்நாட்டுப் பள்ளித் தேர்வில் மாநில ‘ரேங்க்’ பட்டியல் ஒழிய 2017 வரை ஆனது.

தேர்வு முடிவு வெளியாகும் விதமும் இந்த வரலாற்றில் ஒரு பகுதி. அரசிதழிலும் பிறகு நாளிதழ்களிலும் தேறியவர்களின் பதிவெண்கள் மட்டும் பொடி எழுத்தில், பத்தி பத்தியாக அச்சாகும். மாவட்டம், கல்லூரி, எண்கள். விடிகாலையில் பேருந்து நிலையத்தில் பேப்பர்க் கட்டு இறங்கியதும் பத்துப் பேர் ஒரு தாளைச் சுற்றி நிற்பார்கள். விரல் பத்தியின் மேல் இறங்கிக்கொண்டே வரும். முந்தைய எண் இருக்கும், அடுத்த எண் இருக்கும், நடுவில் இருக்க வேண்டியது இருக்காது. அச்சுப்பிழையாக இருக்கும் என்று இன்னொரு பத்திரிகை வாங்கிப் பார்ப்பார்கள். தோல்வி என்று யாரும் எழுதிக் காட்டவில்லை. எண் வரவில்லை, அவ்வளவுதான். பேப்பர் வாங்கும் எந்த வீட்டிலும் அந்த இடைவெளியைப் பார்த்துவிடலாம். 1990களின் இறுதியில் இணையத்தில் முடிவுகள் வரத் தொடங்கிய பிறகுதான் மாணவன் தன் மதிப்பெண்ணை ஊர் பார்ப்பதற்கு முன்னால் தானே பார்க்க முடிந்தது. சொல்வதா, மறைப்பதா என்று யோசிக்க அதனால் கொஞ்ச நேரம் கிடைத்தது. அதைச் சிறிய விஷயமாகக் கருதிவிட முடியாது.

தவறியவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலும் டுடோரியலுக்கு. சென்னை, மதுரை, திருச்சி, கும்பகோணம் என்று ஊர்தோறும் மாடியறைகளில் டுடோரியல் காலேஜுகள் முளைத்தன. மார்ச்சில் தவறினால் செப்டம்பரில் எழுதலாம். இடையிலுள்ள மாதங்களுக்கு ஓர் இருப்பிடமும் ஒரு காலை நேர வேலையும் அங்கே கிடைத்தன. பாடம் எப்படி நடந்தது என்பது வேறு விஷயம். தன்னைப் போலவே தவறியவர்கள் நாற்பது பேர் ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்திருந்ததால், வீட்டில் கிடைக்காத ஆறுதல் அங்கே கிடைத்தது. கோயில்களும் ஒரு பங்கு வகித்தன. கூத்தனூர் சரஸ்வதி சந்நிதியிலும் திருவந்திபுரத்து ஹயக்ரீவர் சந்நிதியிலும் பேனாவும் ஹால் டிக்கெட்டும் வைத்துக் கும்பிடும் வழக்கம் இன்றும் உண்டு. வீட்டு வைத்தியத்தில் வல்லாரைத் துவையல், வெண்டைக்காய், எண்ணெய்க் குளியல்.

தூக்கம் போய், பசி போய், புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியை நாலு தடவை படிக்கும் நிலை வந்தவனுக்கு அந்தக் காலத்துத் தமிழ்நாடு ஒரு நோய்ப்பெயர் வைத்திருந்தது: நரம்புத் தளர்ச்சி. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட் 1869-ல் பரப்பிய கருத்தின் தூரத்து வாரிசு அது. மேலை மருத்துவம் அதைக் கைவிட்ட பின்னும் இங்கே பத்திரிகை விளம்பரங்களிலும் லாட்ஜில் மாதம் ஒரு நாள் வந்து தங்கும் வைத்தியர்களின் நோட்டீஸ்களிலும் அது நீடித்தது. அந்த நோட்டீஸ்கள் ஞாபகமறதி, சோர்வு, படிப்பில் நாட்டமின்மை எல்லாவற்றையும் இளமைக்காலத் தவறுகளின் தண்டனை என்று எழுதின. மனச்சோர்வில் ஏற்கெனவே குற்றவுணர்ச்சியில் கிடக்கும் இருபது வயதுப் பையனுக்கு இதைவிடக் கொடுமையான விளக்கம் இருக்க முடியாது. லேகியம் வாங்கக் காசு போனது மட்டும் இழப்பல்ல. தன் நிலைமைக்குத் தானே காரணம் என்று அவன் எழுத்து மூலமாகவும் நம்பவைக்கப்பட்டான். பெண்களுக்கு இந்த விளக்கம்கூடக் கிடைக்கவில்லை. படிப்பு ஏறவில்லை என்றால் கல்யாணம் செய்துவிடலாம் என்பதே தீர்வாக இருந்தது. அவர்கள் தவறியதற்கான காரணம் எங்கும் பதிவாகவில்லை.

முறையான மருத்துவம் இல்லாமல் இல்லை. கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் மனநல மருத்துவமனை இருந்தது. ஆனால் அந்த ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. கல்லூரி விடுதியில் ஒருவன் கொஞ்சம் ஒதுங்கி இருந்தாலே ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்றார்கள். பூட்டிய வார்டும் கம்பிச் சன்னலும்தான் மனநோய் என்று நினைத்த சமூகத்தில், காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்பவனுக்கு அந்த வாசலில் வேலை இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் 1950களில் வந்தன. எண்ணங்களைப் பேசிச் சீர்செய்யும் சிகிச்சையை ஆரோன் பெக் 1960களில் வகுத்தார். பொது மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் வழியாக இவை சென்னைக்கும் வந்தன. கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் வரவில்லை.

இதற்கிடையே தேர்வு முறையே மாறியது. 1978-ல் லயோலா, சென்னை கிறித்தவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. அடுத்தடுத்து செமஸ்டர் முறை பரவியது. அதோடு வந்த சொல் ‘அரியர்’. செலுத்தாத பாக்கி என்ற பொருளில் கணக்கு அலுவலகத்தில் இருந்த சொல், தவறிய தாளுக்குப் பெயரானது. மாணவர்கள் அதைக் ‘கப்பு’ என்று சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். பழைய முறையில் தவறியவன் ஓர் ஆண்டை இழந்து, தம்பி வயதுப் பையன்களோடு உட்கார வேண்டும். புதிய முறையில் நண்பர்களோடு சேர்ந்தே அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். தாளைப் பின்னால் எழுதிக்கொள்ளலாம். மனத்துக்கு இது பெரிய நிம்மதிதான். ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வந்த தோல்வி இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்தது. முதல் செமஸ்டரில் தவறிய கணிதத்தாள் நான்காம் செமஸ்டரிலும் கூடவே வந்தது. அப்போதைய பாடத்தையும் பழைய பாக்கியையும் ஒரே மாதத்தில் எழுதியவன், இரண்டிலும் சேர்த்துத் தவறினான். கல்வியில் மிதமான சரிவு எதுவும் இல்லாமல், ஒன்று சமாளிப்பது, இல்லையென்றால் மொத்தமாக மூழ்குவது என்றானது இந்தக் கூட்டலால்தான்.

1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2001-ன் இறுதியில் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை; பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியில் ஆயிரத்துக்கு மேல் மதிப்பெண் எடுத்து, தெருவில் ஃபிளெக்ஸ் வைத்துக் கொண்டாடப்பட்ட பிள்ளைகள், முதல் மாதமே ஆங்கிலத்தில் நடக்கும் இயற்பியல் வகுப்பில் திணறினார்கள். கல்விக் கடன், அடகு வைத்த நகை, குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற பெயர் எல்லாம் அவர்கள் தலையில் இருந்தன. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. வேலைக்கு எடுப்பார்களா என்ற பயத்தில் அது பெரிதாகப் பரவவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகத் தவறியவர் வீட்டுக்குப் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் பொய் சொல்லத் தொடங்குவதும், அந்தப் பொய்யைக் காப்பாற்ற விடுமுறைக்கு ஊருக்கே போகாமல் இருப்பதும் விடுதிக் காப்பாளர்கள் நன்கு அறிந்த வரிசை.

நோய்க்கும் விதிக்கும் நேரடி மோதல் ஏற்படும் இடம் வருகைப்பதிவு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் துயரம் அல்லது நாட்டமின்மை, தூக்கக் குலைவு, கவனமின்மை, தன்னை மதிப்பற்றவனாக எண்ணுதல் ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். இரவு மூன்று மணிக்குத் தூங்குபவனுக்கு முதலில் போவது முதல் மணி வகுப்பு. பொறியியல் கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால் மருத்துவச் சான்றிதழும் கட்டணமும் கொடுத்து ‘கண்டோனேஷன்’ என்ற விலக்கு வாங்கலாம். அதற்கும் கீழே போனால் செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். அந்தச் சான்றிதழ்களில் டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் நிறைய இருக்கும், மனச்சோர்வு இருக்காது. உண்மையான நோயை எழுதினால் பதிவேட்டில் நின்றுவிடும், வேலைவாய்ப்பு நேர்காணலில் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பெற்றோரே வேறு நோயை எழுதித் தரச் சொன்னார்கள். காலக்கணக்கும் ஒத்துவராது. மருந்து தொடங்கிப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். செமஸ்டரோ சில மாதங்களில் முடிந்துவிடும். இரண்டாம் உள்தேர்வில் தவறிய பிறகு மருத்துவரிடம் போனவர், அந்த செமஸ்டரை மருந்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. அதற்கு விதியும் வளைந்துகொடுக்க வேண்டும்.

விதியை வளைக்கும் முயற்சி தமிழ்நாட்டில் தொடங்கியது மருத்துவர்களிடமிருந்துதான். மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கினார். தேர்வு முடிவு வரும் வாரங்களில் அதன் தொலைபேசி ஓயாது. தவறியவருக்கு ஆறுதல் சொல்வதோடு நிற்காமல், ஓர் ஆண்டு வீணாகாமல் உடனே மறுதேர்வு எழுத வழி வேண்டும் என்று அந்த அமைப்பு அரசிடம் வாதாடியது. 2000களின் தொடக்கத்தில் பள்ளி இறுதித் தேர்வுகளுக்கு உடனடித் துணைத்தேர்வு வந்தது; தேறியவர் அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். பல்கலைக்கழகங்களும் இறுதி செமஸ்டரில் ஒரு தாள் மட்டும் தவறியவர்களுக்கு உடனடித் தேர்வு நடத்தத் தொடங்கின. விடைத்தாள் நகலும் மறுமதிப்பீடும் வந்தன. இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை விழுந்தது. அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018-ல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது.

சட்டம் மெதுவாக நகர்ந்தது. இங்கிலாந்து 1961-லேயே நீக்கிய தற்கொலை முயற்சிக் குற்றத்தை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தொடர்ந்து வைத்திருந்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்த மாணவரை மருத்துவமனைக்கு அழைத்துவரும் பெற்றோர் முதலில் பயந்தது போலீஸுக்கு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்து, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது.

அரியர் வரலாற்றின் விசித்திரமான அத்தியாயம் 2020-ல் நடந்தது. கொரோனா காலத்தில் இறுதி செமஸ்டர் தவிர்த்து, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் எல்லோரும் தேறியதாக ஆகஸ்டில் மாநில அரசு அறிவித்தது. முதலமைச்சருக்கு நன்றி சொல்லி ஊரெங்கும் பேனர்கள் முளைத்தன. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு எதிர்த்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் பாலகுருசாமி உள்ளிட்டோர் உயர் நீதிமன்றம் போனார்கள். தேர்வே இல்லாமல் தேர்ச்சி தருவதை ஏற்க முடியாது என்று 2021-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைப் படிப்பாளிகள் சிரிப்புக்கிடமாக்கினார்கள். அதைக் கேட்டு அத்தனை பேர் மூச்சு விட்டார்கள் என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே 2021-ல், இருபது ஆண்டுகளுக்கு முன் படித்தவர்களும் நிலுவைத் தாள்களை எழுதித் தேற அண்ணா பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்பு அறிவித்தது. நாற்பது வயதை நெருங்கியவர்களுக்கும் ஹால் டிக்கெட் கிடைக்க வழி பிறந்தது.

மனநலம் கல்லூரி வாசலுக்கு வந்தது கடைசியில்தான். தமிழ்நாட்டில் 104 உதவி எண் 2013 முதலும், நாடு முழுவதற்குமான 14416 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவை 2022 அக்டோபர் முதலும் இயங்குகின்றன. தேர்வு முடிவு நாட்களில் தவறிய மாணவர்களை இந்தச் சேவையினரே அழைத்துப் பேசும் வழக்கமும் ஏற்பட்டிருக்கிறது. 2022 டிசம்பரில் மாநில அரசு ‘மனம்’ என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களை அரசு மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. உயர்கல்வி நிறுவனங்களில் மாணவர் மனநலத்தை ஆராய உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் முன்னாள் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு அமைத்தது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள நிறுவனங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூலையில் வழிகாட்டுதலும் வெளியிட்டது. படிப்பை இடையில் நிறுத்தி, உடல்நலம் தேறிய பின் தொடர்வதற்கு அண்ணா பல்கலைக்கழக விதிகளில் ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பயன்படுத்துபவர்களைவிட, அப்படி ஒன்று இருப்பதை அரியர் விழுந்த பிறகு தெரிந்துகொள்பவர்கள்தான் அதிகம்.